உக்ரைனுக்குச் சரி, இஸ்ரேலுக்கு ஏன் கூடாது? பெர்னி சாண்டர்ஸ் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்க வாக்களித்தார், இஸ்ரேலுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறார், இது இரட்டை நிலைப்பாடு இல்லையா? கூடவே இன்னொன்று, ஒவ்வொரு முறையும் தோற்கப் போகும் தீர்மானத்தை எதற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்?

சாண்டர்ஸ் எல்லாப் போர்களையும் எதிர்ப்பவர் என்று நினைத்துக்கொள்வதால்தான் முதல் கேள்வியே வருகிறது. இளைஞராக இருந்தபோது அவர் அப்படி இருந்தார், வியட்நாம் போருக்குப் போக முடியாது என்று மனசாட்சியின் பேரில் விலக்கு கேட்டு விண்ணப்பித்தவர். ஆனால் பதவிக்கு வந்த பிறகு அவருடைய வாக்குகள் ஒரே கோட்டில் போகவில்லை. 1991-இல் வளைகுடாப் போருக்கு எதிராக வாக்களித்தார். 1999-இல் கொசோவோ விவகாரத்தில் யூகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டு வீசியதை ஆதரித்தார். அதனால் அவருடைய உதவியாளர் ஒருவர் வேலையை விட்டே போனார், போராட்டக்காரர்கள் பர்லிங்டனில் இருந்த அவர் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்து கைதானார்கள். 2001 செப்டம்பரில் பயங்கரவாதத்துக்கு எதிராகப் படை பயன்படுத்தும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்த தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அன்றைக்கு பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஒரு பக்கம், கலிஃபோர்னியாவின் பார்பரா லீ மட்டும் தனியாக மறுபக்கம். சாண்டர்ஸ் அந்த 420-இல் ஒருவர். அடுத்த ஆண்டே ஈராக் போருக்கு எதிராக வாக்களித்தார்.

இதற்கும் முன்னால் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது, இந்த மனிதரைப் புரிந்துகொள்ள எனக்கு அதுதான் அதிகம் உதவியது. 1981-இல் அவர் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயராகிறார். அந்த ஊரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்று இருந்தது, வேகமாகச் சுடும் கேட்லிங் வகைத் துப்பாக்கிகள் அங்கே தயாராயின. அவை மத்திய அமெரிக்காவில் ரீகன் அரசு நடத்திவந்த போர்களுக்குப் போகின்றன என்று சொல்லி 1983-இல் அமைதி இயக்கத்தினர் தொழிற்சாலை வாசலில் மறியல் செய்தார்கள். ரீகனின் மத்திய அமெரிக்கக் கொள்கையை அமெரிக்காவிலேயே மிகக் கடுமையாக எதிர்த்த மேயர்களில் சாண்டர்ஸ் ஒருவர், பின்னால் நிகரகுவாவுக்கே நேரில் போய்வந்தவர். அப்படிப்பட்டவருடைய நகரக் காவல்துறைதான் அந்த மறியல்காரர்களைக் கைது செய்தது. உள்ளே வேலை பார்ப்பவர்கள் தொழிற்சங்கத் தொழிலாளர்கள், அவர்கள் சோற்றில் மண் விழக் கூடாது, தவறு வாஷிங்டனில் எடுக்கப்படும் முடிவில் இருக்கிறது என்பது அவர் வாதம். மறியல் செய்தவர்கள் அவரை மன்னிக்கவில்லை. எஃப்-35 போர் விமானங்களை பர்லிங்டனில் நிறுத்துவது பற்றிப் பேச்சு வந்தபோதும் அவர் ஆதரவாகவே நின்றார், 2019-இல் விமானங்கள் வந்திறங்கின.

இது எனக்குப் பிடித்த பக்கம் இல்லை, அவர் பெயரைக் கேட்டாலே கைதட்டுபவர்கள் இதைப் பேசுவதும் இல்லை. ஆனால் இது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். ஆயுதம் தயாரிப்பதே பாவம் என்று அவர் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அந்த ஆயுதத்தை யாருக்கு, எதற்கு, எந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கிறோம் என்பதுதான் அவர் சண்டை போடும் இடம்.

சரி, சட்டத்துக்கு வருவோம், பதிலின் மையம் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கா வெளிநாட்டுக்குப் பெரிய அளவில் ஆயுதம் விற்கும்போது 1976-ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அதிபர் காங்கிரஸுக்கு (செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றம்) முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பொதுவாக 30 நாள் அவகாசம், நேட்டோ நாடுகள், ஜப்பான், இஸ்ரேல் போன்ற நெருக்கமான கூட்டாளிகள் என்றால் 15 நாள். இந்த விற்பனை வேண்டாம் என்று ஒரு மறுப்புத் தீர்மானத்தை எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். செனட்டில் அதற்குத் தனிச் சலுகை உண்டு. குழுவில் போட்டு அமுக்கிவைத்தாலும், ஒரே ஒரு செனட்டர் எழுந்து, குழுவிடமிருந்து அதை எடுத்து அவைக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டு வாக்கெடுப்பு நடக்கவைக்க முடியும். கட்சித் தலைமையின் தயவு தேவையில்லை. சாண்டர்ஸ் எந்தக் கட்சியிலும் இல்லாத சுயேச்சை, ஜனநாயகக் கட்சி அணியோடு சேர்ந்து உட்காருபவர். அப்படித் தனியாக நிற்கும் ஒருவர் கையில் கிடைத்த கருவி இது.

ஆனால் கருவியின் முனையை 1983-இல் உச்ச நீதிமன்றம் மழுங்கடித்துவிட்டது. அதுவரை இரு அவைகளும் சேர்ந்து வேண்டாம் என்றால் போதும் என்று இருந்தது. சாதா (Chadha) என்பவர் பெயரால் அறியப்படும் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, அப்படிப்பட்ட தீர்மானத்துக்கும் அதிபரின் கையெழுத்து வேண்டும் என்றாகிவிட்டது. விற்பனையை முன்வைப்பவரே அதிபர், அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? வீட்டோ செய்வார், அதை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இந்த வழியில் இதுவரை ஒரு விற்பனைகூட நிறுத்தப்பட்டதில்லை. மிக அருகில் போனது 1986-இல், சவூதி அரேபியாவுக்கு ஏவுகணை விற்கும் ரீகனின் திட்டம். இரு அவைகளும் மறுத்தன, ரீகன் வீட்டோ செய்தார், செனட்டில் 66 பேர் வீட்டோவுக்கு எதிராக நின்றார்கள், வேண்டியது 67. ஒரே ஒரு வாக்கு.

தோற்போம் என்று தெரிந்தே கொண்டுவருகிறார் என்பது ஆக உண்மைதான். அதற்குக் காரணம் ஏமன்.

2015 மார்ச்சில் சவூதி தலைமையிலான கூட்டணி ஏமன் மீது குண்டுவீசத் தொடங்கியது. குண்டு அமெரிக்காவுடையது, உளவுத் தகவல் அமெரிக்காவுடையது, நடுவானில் விமானத்துக்கு எரிபொருள் நிரப்பியதும் அமெரிக்கா. இதையெல்லாம் ஒபாமா அரசு தொடங்கியது, டிரம்ப் அரசு தொடர்ந்தது, காங்கிரஸில் யாரும் வாக்களித்து அனுமதிக்கவில்லை. சாண்டர்ஸ், குடியரசுக் கட்சியின் மைக் லீ, ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்ஃபி மூவரும் சேர்ந்து காங்கிரஸ் அனுமதிக்காத போரிலிருந்து படையை விலக்கச் சொல்ல வழிவிடும் 1973-ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானத்தைக் கையிலெடுத்தார்கள். 2018 மார்ச்சில் முதல் வாக்கெடுப்பு, 55-க்கு 44 என்று ஓரங்கட்டப்பட்டது. அந்த ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஏமனின் சாதா (Saada) மாகாணத்தில் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள் நிறைந்த பேருந்து மீது குண்டு விழுந்தது. 40 குழந்தைகள். கிடைத்த துண்டுகளை வைத்துப் பார்த்தபோது அது லாக்ஹீட் மார்ட்டின் தயாரித்த குண்டு என்று செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அக்டோபரில் இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்தில் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டார். டிசம்பரில் அதே தீர்மானம் செனட்டில் 56-க்கு 41 என்று வென்றது. 2019-இல் இரு அவைகளிலும் நிறைவேறியது, டிரம்ப் வீட்டோ செய்தார். சவூதிக்கும் அமீரகத்துக்கும் ஆயுத விற்பனையைத் தடுக்கும் தீர்மானங்கள் அந்த ஆண்டே வந்தபோது அவற்றையும் வீட்டோ செய்தார்.

தோல்விதான். ஆனால் இடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2018 நவம்பரில், அவையில் எதிர்ப்பு வலுத்த நேரத்தில், நடுவானில் எரிபொருள் நிரப்புவதை அமெரிக்கா நிறுத்தியது. ஒன்பது மாதத்தில் 44 பேர் 56 ஆனார்கள். பேர் போட்டு வாக்களிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் அரசியல்வாதி யோசிக்கிறார், பேசிக் கலைந்துவிடலாம் என்ற வசதி இருக்கும்வரை யோசிப்பதில்லை. சாண்டர்ஸ் இதைக் கண்ணால் பார்த்தார். காஸா விஷயத்தில் அவர் செய்ததெல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

ஏமன் விஷயத்தில் அவரைக் குறை சொல்லவும் இடம் இருக்கிறது. 2022 டிசம்பரில் அதே போர் அதிகாரத் தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தார், பைடன் அரசு எதிர்த்ததும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வாக்கெடுப்புக்கு விடாமல் திரும்பப் பெற்றார். டிரம்ப் காலத்தில் இருந்த பிடிவாதம் தன் அணியின் அதிபரிடம் தளர்ந்தது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

இப்போது உக்ரைனும் இஸ்ரேலும்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா நுழைவதற்குச் சில நாள் முன்புகூட சாண்டர்ஸ் செனட்டில் நேட்டோ விரிவாக்கம் பற்றி ரஷ்யாவுக்கு இருக்கும் கவலையைப் பேசியவர், பேச்சுவார்த்தை வேண்டும் என்றவர். படை நுழைந்த பிறகு, அந்த மே மாதம் வந்த 4,000 கோடி டாலர் உக்ரைன் தொகுப்புக்கு ஆதரவாக வாக்களித்தார். செனட்டில் எதிர்த்த 11 பேருமே குடியரசுக் கட்சிக்காரர்கள். தன் எல்லைக்குள் நுழைந்த படையை எதிர்த்து நிற்கும் நாடு என்பது ஒரு பக்கம். ஒரு நிலப்பரப்பைச் சுற்றி வளைத்து, உணவும் மருந்தும் உள்ளே போவதையும் தன் கையில் வைத்துக்கொண்டு, அங்கே அடைபட்டிருக்கும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் தெருக்களில் 2,000 பவுண்டு குண்டைப் போடுவது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒரே விடை வர வேண்டும் என்று கேட்பது சரியில்லை. அமெரிக்கச் சட்டமே இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது. வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் 502பி பிரிவு, மனித உரிமைகளைத் தொடர்ந்து கடுமையாக மீறும் அரசுக்குப் பாதுகாப்பு உதவி கூடாது என்கிறது. அமெரிக்காவின் மனிதாபிமான உதவியைத் தடுக்கும் நாட்டுக்கு ஆயுத உதவி கூடாது என்று 620ஐ பிரிவு சொல்கிறது. குற்றம் செய்த ராணுவப் பிரிவுக்கு உதவி போகக் கூடாது என்பது லேஹி சட்டம், அதைக் கொண்டுவந்த பாட்ரிக் லேஹியும் இதே வெர்மான்ட் மாநிலத்து செனட்டராக இருந்தவர். (இலங்கைப் போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த 2007 டிசம்பரில் அமெரிக்க நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இலங்கைக்கான ராணுவ உதவியைக் கட்டுப்படுத்தும் பிரிவு சேர்ந்ததிலும் லேஹியின் பங்கு உண்டு. கடல், வான் கண்காணிப்புக் கருவிகளுக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது, அந்த விலக்கின் கனம் நம்மில் பலருக்குத் தெரியும்.)

உண்மையில் உக்ரைனையும் இஸ்ரேலையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வாக்கெடுப்புக்கு விட்ட சமயம் ஒன்று உண்டு, 2024 ஏப்ரலில், சுமார் 9,500 கோடி டாலர். இஸ்ரேலுக்கான தாக்குதல் ஆயுதப் பணத்தை எடுத்துவிட வேண்டும், பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனத்துக்கு நிதியை மறுபடி கொடுக்க வேண்டும் என்று அவர் திருத்தங்கள் கேட்டார், அவற்றுக்கு வாக்கெடுப்பே கிடைக்கவில்லை. உக்ரைன் பணமும் அதற்குள்தான் இருக்கிறது என்று தெரிந்தே எதிர்த்து வாக்களித்தார். அவருடைய அணியில் அப்படிச் செய்தவர்கள் மூவர் மட்டுமே: அவர், வெர்மான்டின் இன்னொரு செனட்டர் பீட்டர் வெல்ச், ஓரிகானின் ஜெஃப் மெர்க்லி. உக்ரைனை மட்டும் சலுகையோடு பார்க்கிறார் என்பவர்கள் இந்த வாக்கைக் கணக்கில் எடுப்பதில்லை.

இங்கே அவருடைய பின்னணியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரை யூதர்களுக்கு எதிரானவர் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அவரே யூதர். தந்தை போலந்திலிருந்து வந்தவர், அங்கே தங்கிவிட்ட உறவினர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். 1963-இல் இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணையில், சில மாதம் வாழ்ந்தவர். இஸ்ரேல் என்ற நாடு இருக்க வேண்டும் என்பதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

அதனால்தானோ என்னவோ, 2023 அக்டோபரில் அவர் தயங்கினார். ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 250 பேர் அளவுக்குப் பணயக்கைதிகளாகப் பிடிபட்டார்கள். அந்தக் கொடூரத்தைக் கண்டித்தது சரியே. ஆனால் காஸாவில் ஆயிரக்கணக்கானோர் இறந்துகொண்டிருந்த நவம்பரிலும், ஹமாஸ் போன்ற அமைப்போடு நிரந்தரப் போர்நிறுத்தம் எப்படிச் சாத்தியம் என்று தெரியவில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார். மனிதாபிமான இடைநிறுத்தம் போதும் என்ற நிலையில் நின்றார். அவருடைய பிரச்சாரங்களில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டு, போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அவருக்கே கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம் எழுதியவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. அந்த வாரங்களில் அவருடைய குரல் வேறு மாதிரி ஒலித்திருக்க வேண்டும், அதை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதே நேரம், சொல்லில் தயங்கியவர் வாக்கில் மற்றவர்களை முந்திக்கொண்டார் என்பதும் பதிவில் இருக்கிறது. 2021-லேயே இஸ்ரேலுக்கு 73.5 கோடி டாலர் வழிகாட்டு குண்டுகள் விற்பதைத் தடுக்கத் தீர்மானம் போட்டவர் அவர். 2024 ஜனவரியில் 502பி பிரிவின் கீழ், காஸாவில் அமெரிக்க ஆயுதங்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று வெளியுறவுத் துறை அறிக்கை தர வேண்டும் என்று கேட்டார். ஒரு அறிக்கைதான், ஒரு குண்டைக்கூட நிறுத்தச் சொல்லவில்லை. 72 பேர் அதை ஓரங்கட்டினார்கள், 11 பேர் மட்டும் அவரோடு. நம் குண்டு என்ன செய்தது என்று கேட்கவே வேண்டாம் என்று 72 பேர் சொன்ன அந்த நாள் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் விற்பனைகள் மீதான மறுப்புத் தீர்மானங்கள். 2024 நவம்பரில் மூன்று: டாங்கிக் குண்டுகளுக்கு எதிராக 18, மோர்ட்டார் குண்டுகளுக்கு எதிராக 19, வழிகாட்டு கருவிகளுக்கு எதிராக 17 வாக்குகள். பைடனின் வெள்ளை மாளிகையே ஜனநாயகக் கட்சியினரிடம் இந்தத் தீர்மானங்களை எதிர்த்து வாக்களியுங்கள் என்று கேட்டுக்கொண்டது. 2025 ஏப்ரலில், டிரம்ப் அரசு முன்வைத்த விற்பனைகளில் இரண்டின் மீது வாக்கெடுப்பு, அதில் 15-ஆகக் குறைந்தது. இதோடு விட்டுவிடுவார் என்று பலரும் நினைத்தார்கள். அந்த ஜூலைக் கடைசியில், காஸாவில் பஞ்சத்தின் மிக மோசமான நிலை உருவாகிக்கொண்டிருக்கிறது என்று உணவுப் பாதுகாப்பு நிபுணர்கள் எச்சரித்த மறுநாள், மறுபடி இரண்டைக் கொண்டுவந்தார். 67.5 கோடி டாலர் குண்டு விற்பனைக்கு எதிராக 24 வாக்கு. இஸ்ரேல் காவல்துறைக்குப் போகும் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிராக 27 வாக்கு. ஜனநாயக அணியில் மொத்தமே 47 பேர், ஆக பாதிக்கும் மேல். அதில் டாமி டக்வொர்த் இருந்தார், ஈராக்கில் ஹெலிகாப்டர் சுடப்பட்டு இரண்டு கால்களையும் இழந்த முன்னாள் ராணுவ விமானி. நீண்டகாலமாக இஸ்ரேலை ஆதரித்த பாட்டி மர்ரேயும் இருந்தார். அறிக்கை கேட்கவே 11 பேர் கிடைத்த இடத்தில், ஒன்றரை ஆண்டில், விற்பனையையே நிறுத்து என்று சொல்ல 27 பேர். அந்த 27 பேரும் ஜனநாயக அணியினர், குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவரும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு என் பதில் இந்த எண்கள்தான். அந்த செப்டம்பர் 17-ஆம் தேதி, நடப்பது இனப்படுகொலை என்று எழுதினார், அமெரிக்க செனட்டர் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. தாமதம்தான்.

ஒரு விஷயம் இன்னும் பாக்கி, முற்போக்கு அணிக்குள்ளேயே பெரிய சண்டை அதில்தான்: தாக்கும் ஆயுதம், தற்காக்கும் ஆயுதம் என்ற பிரிவு. சாண்டர்ஸ் தடுக்கக் கேட்டதெல்லாம் குண்டு, துப்பாக்கி வகை. வரும் ராக்கெட்டை வானிலேயே இடைமறிக்கும் அயர்ன் டோமை அவர் எதிர்ப்பதில்லை. பிரதிநிதிகள் சபையின் முற்போக்கு உறுப்பினர், ஜனநாயகக் கட்சியின் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் இந்த இடத்தில்தான் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டார். 2021-இல் அயர்ன் டோமுக்கு 100 கோடி டாலர் கொடுக்கும் மசோதாவில் ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்று வருகையை மட்டும் பதிவு செய்தார், அவையிலேயே கண்ணீர் விட்டார். 2025 ஜூலையில் ஏவுகணைத் தடுப்புக்கான 50 கோடி டாலரை வெட்ட குடியரசுக் கட்சியின் மார்ஜோரி டெய்லர் கிரீன் திருத்தம் கொண்டுவந்தபோது அதை எதிர்த்து வாக்களித்தார், திருத்தத்துக்கு ஆதரவாக 6 பேர் மட்டுமே. இது குண்டை நிறுத்தாது, தடுப்பை மட்டும்தான் நிறுத்தும் என்பது அவர் வாதம். முழு ராணுவ நிதி மசோதாவை எதிர்த்தே வாக்களித்தார். அப்படியும் பிராங்ஸில் இருந்த அவருடைய பிரச்சார அலுவலகத்தின் மீது சிவப்பு பெயிண்ட் ஊற்றினார்கள்.

அவரை விமர்சித்தவர்கள் சொல்வது இது: கேடயம் இருக்கும் தைரியத்தில்தான் வாள் வீச முடிகிறது, இரண்டும் ஒரே ராணுவத்தின் கையில் இருக்கிறது, ஒன்றுக்குக் கொடுக்கும் பணம் இன்னொன்றுக்கான பணத்தை மிச்சப்படுத்துகிறது. பணம் பற்றிய பகுதி எனக்கு மறுக்க முடியாததாகவே படுகிறது. ஆனால் ராக்கெட் விழும் ஊரில் இருக்கும் குழந்தையின் தலைக்கு மேலிருந்து தடுப்பை எடுத்துவிட்டால் காஸாவில் ஒரு குழந்தை பிழைக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாண்டர்ஸும் ஒகாசியோ-கோர்டெஸும் போட்ட கோடு எனக்குச் சரியாகவே தெரிகிறது, அதை அவர்கள் இன்னும் வெளிப்படையாக விளக்கியிருக்கலாம்.

இந்தக் கோடு எவ்வளவு தாங்கும் என்பது தெரிய வெகுநாள் ஆகாது. 2016-இல் ஒபாமா அரசு இஸ்ரேலோடு போட்ட ஒப்பந்தப்படி பத்து ஆண்டுக்கு 3,800 கோடி டாலர், ஆண்டுக்கு 330 கோடி ராணுவ உதவியாகவும் 50 கோடி ஏவுகணைத் தடுப்புக்காகவும் போகிறது. அந்த ஒப்பந்தம் 2028 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த ஒப்பந்தம் பேசப்படும்போது 330-ஐயும் 50-ஐயும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடச் சொல்லி அந்த 27 பேரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று நான் பார்க்கப்போகிறேன். சாண்டர்ஸின் இப்போதைய பதவிக்காலம் 2031 ஜனவரி வரை இருக்கிறது, அன்றைக்கு அவருக்கு 89 வயது.